புதிய போனுக்கு ஆறாம் மாதத்திலும் ஒரு மதிப்புரை வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். விலை உயர்ந்த புதிய போன் ஒன்று சந்தைக்கு வந்தால் அடுத்த சில நாள்களுக்குள் அதன் மதிப்புரை தங்கள் நாளிதழில் வந்துவிடுகிறது. கேமரா, திரை, வேகம் எல்லாம் நன்றாகவே அலசப்படுகின்றன. ஆனால் வாங்குகிறவருக்கு மிகவும் தேவையான பதில் அங்கே கிடைப்பதில்லை: இந்தப் போன் உழைக்குமா? மூன்று நாள் கையில் வைத்திருந்தவரால் அதைச் சொல்லவும் முடியாது. தயாரிப்புக் குறை உள்ள போன் முதல் சில வாரங்களில் காட்டிக்கொடுக்கும். வடிவமைப்புக் குறை உள்ள போன் ஆறு மாதமோ ஒரு வருடமோ கழித்துத்தான் காட்டிக்கொடுக்கும். அதற்குள் மதிப்புரையை எல்லோரும் மறந்திருப்பார்கள். போனுக்குள் இருக்கும் மின்சுற்றுப் பலகையான போர்டைத் திறந்து பார்த்துப் பழுது நீக்குகிறவர்கள் என்ற முறையில் இதுபற்றிச் சில விவரங்களைத் தங்கள் வாசகர்கள் முன் வைக்க விரும்புகிறோம். தங்களிடம் ஒரு வேண்டுகோளும் உண்டு.

விலை கூடினால் பழுது குறையும் என்ற நம்பிக்கை பரவலாக இருக்கிறது. பாகங்களின் தரம் கூடுதல்தான், மறுக்கவில்லை. ஆனால் அதே உடலுக்குள் திணிக்கப்படும் பாகங்களும் கூடுதல். மூன்று நான்கு கேமராக்கள், அவற்றில் காந்த விசையால் அசையும் லென்ஸ்கள், 5ஜிக்கான பல ஆன்டெனாக்கள், ஒயர்லெஸ் சார்ஜிங் சுருள், பெரிய பேட்டரி. இடம் போதாததால் சில நிறுவனங்கள் போர்டை இரண்டு அடுக்காக ஒன்றின் மேல் ஒன்று வைத்துப் பற்றவைக்கின்றன. ஐபோனில் இந்த முறை 2017-இல் வந்த ஐபோன் எக்ஸ் மாடலில் தொடங்கியது. இரண்டு அடுக்குகளையும் ஓரம் முழுக்க நூற்றுக்கணக்கான சின்னஞ்சிறு சோல்டர் புள்ளிகள் இணைக்கின்றன. அவை ஈயம் கலக்காத சோல்டர்; வெள்ளீயத்துடன் கொஞ்சம் வெள்ளியும் தாமிரமும் சேர்ந்தது. ஈயம் கலந்த பழைய சோல்டரை விட இது கடினம். அதனால் திடீர் அடி பட்டால் வளைந்து கொடுக்காமல் விரிசல் விடும்.

கீழே விழுந்த போனில் கண்ணாடிகூடக் கீறவில்லை, ஆனால் மறுநாள் சிக்னல் போய்விட்டது என்றால் முதலில் சந்தேகிக்க வேண்டியது இந்த இணைப்பைத்தான். அறிகுறி தெளிவாக இருக்கும். போன் ஆறியிருக்கும்போது சிக்னல் வரும், சூடானதும் போகும், மறுபடி ஆறினால் திரும்ப வரும். விரிசல் விட்ட சோல்டர் சூட்டில் விரிந்து சுருங்கும்போது ஒட்டியும் விலகியும் இருப்பதே காரணம். இந்த நிலையில் சிம்மை மாற்றிப் பார்ப்பதும் நெட்வொர்க் செட்டிங்ஸை ரீசெட் செய்வதும் வீண் வேலை. *#06# அழுத்திப் பாருங்கள். போனின் தனி அடையாள எண்ணான ஐஎம்இஐ வராவிட்டால், அல்லது ஐபோனில் ‘அபவுட்’ பக்கத்தில் மோடம் ஃபர்ம்வேர் என்ற இடம் காலியாக இருந்தால், பிரச்சினை சிம்மிலோ நெட்வொர்க்கிலோ இல்லை. சிக்னலைக் கையாளும் மோடம் பகுதியோடு போன் பேசவே இல்லை. இந்த ஒரு சோதனைக்கு அரை நிமிடம்கூட ஆகாது. சர்வீஸ் சென்டரில் ‘சிம்மை மாற்றிப் பார்த்துவிட்டு வாருங்கள்’ என்று திருப்பி அனுப்பினால், அந்தத் திரையைக் காட்டி வாதாடலாம்.

‘அடுத்த அப்டேட்டில் சரியாகிவிடும்’ என்ற பதிலைப் பற்றியும் சொல்ல வேண்டும். சில நேரம் அது உண்மை. 2023 செப்டம்பரில் ஐபோன் 15 ப்ரோ போன்கள் அளவுக்கு மீறிச் சுடுவதாகப் புகார் எழுந்தது. ஐஓஎஸ் 17-இல் இருந்த பிழையும் சில செயலிகளும்தான் காரணம் என்று ஆப்பிள் சொன்னது. அக்டோபர் தொடக்கத்தில் 17.0.3 அப்டேட்டில் அதைத் திருத்தியது. ஆனால் 2015-இல் வந்த எல்ஜி ஜி4 போன் ஆன் ஆகும்போதே லோகோவில் நின்று நின்று ரீஸ்டார்ட் ஆனதற்கு எந்த அப்டேட்டும் மருந்தாகவில்லை. பாகங்களுக்கு இடையிலான தொடர்பு தளர்ந்ததே காரணம் என்று 2016 ஜனவரியில் அந்த நிறுவனமே ஒப்புக்கொண்டது. 2014-இல் வந்த ஐபோன் 6 பிளஸில் திரையின் மேல்பகுதியில் சாம்பல் பட்டை மினுங்கி, டச் வேலை செய்யாமல் போனது. உடல் வளையும்போது டச்சை இயக்கும் ஐசி என்ற சிப்புக்கு அடியிலிருந்த சோல்டர் புள்ளிகள் விட்டுப்போனதுதான் அங்கே நடந்தது. 2016 நவம்பரில்தான் அதற்கென்று தனிப் பழுதுநீக்கத் திட்டம் அறிவித்தார்கள். இடைப்பட்ட காலத்தில் எத்தனை பேரிடம் ரீசெட் செய்து பாருங்கள் என்று சொல்லியிருப்பார்கள்!

மென்பொருளா, வன்பொருளா என்று பிரித்தறிய வாசகர்களுக்கு ஒரு வழி இருக்கிறது. ஆண்ட்ராய்டு போனில் முதலில் சேஃப் மோடில் போட்டுப் பாருங்கள். பவர் ஆஃப் என்ற பட்டனைத் திரையில் அழுத்திப் பிடித்தால் பெரும்பாலான போன்களில் அந்த வாய்ப்பு வரும். அதில் நீங்கள் நிறுவிய செயலிகள் எதுவும் ஓடாது. அங்கேயும் பழுது தொடர்ந்தால் பேக்கப் எடுத்துவிட்டு ஃபேக்டரி ரீசெட் செய்யுங்கள். ரீசெட்டுக்குப் பிறகுதான் பலரும் தவறு செய்கிறார்கள்: பழைய பேக்கப்பை உடனே ஏற்றிவிடுகிறார்கள். ஏற்றினால் பழைய செயலிகளும் அமைப்புகளும் திரும்பி வந்துவிடும், சோதனை செல்லாமல் போகும். ஒரு நாள் முழுக்க வெறும் போனாக, கம்பெனியிலிருந்து வந்த செயலிகளோடு மட்டும் ஓட விடுங்கள். அப்போதும் தானாக அணைந்தால், ஹேங் ஆனால், சூடானால் அது வன்பொருள் பழுது என்று அனேகமாக உறுதியாகச் சொல்லலாம்.

ஐபோன் தானாக ரீஸ்டார்ட் ஆகும் பழுதில் இன்னும் ஒரு தடயம் கிடைக்கும். ஏறத்தாழ 3 நிமிடத்துக்கு ஒருமுறை, கடிகாரம் வைத்ததுபோல் ரீஸ்டார்ட் ஆகிறதா என்று பாருங்கள். ஆகிறது என்றால் செட்டிங்ஸில் பிரைவசி அண்ட் செக்யூரிட்டி, அதற்குள் அனலிட்டிக்ஸ் அண்ட் இம்ப்ரூவ்மென்ட்ஸ், அதற்குள் அனலிட்டிக்ஸ் டேட்டா என்று போங்கள். ‘பேனிக்-ஃபுல்’ என்று தொடங்கும் கோப்புகள் வரிசையாக இருக்கும். ஒன்றைத் திறந்தால் தொடக்க வரிகளில் ‘தெர்மல்மானிட்டர்டி’ என்ற சொல் தென்படும். போனின் வெப்பத்தைக் கண்காணிக்கும் நிரல் அது. ஏதோ ஒரு சென்சார் பதில் சொல்லாததால் அந்த நிரல் காத்திருந்து காத்திருந்து நின்றுபோக, பாதுகாப்புக்காகப் போன் தன்னைத்தானே ரீஸ்டார்ட் செய்கிறது. எந்தச் சென்சார் காணவில்லை என்பதும் அதே கோப்பில் இருக்கும். பல மாடல்களில் ‘மைக்1’ என்றிருந்தால் சார்ஜிங் போர்ட்டின் ஃப்ளெக்ஸ் எனும் வளையும் இணைப்புப் பட்டை, ‘மைக்2’ என்றால் பவர் பட்டன் பக்கத்து ஃப்ளெக்ஸ், ‘டிஜி0பி’ என்றால் பேட்டரி. ஆக, போர்டு போய்விட்டது என்று சொல்லப்படும் போன் ஒரு சின்ன ஃப்ளெக்ஸ் மாற்றினால் சரியாகக்கூடும். அந்தக் கோப்பைப் படம் பிடித்துக்கொண்டு சர்வீஸுக்குக் கொடுப்பது நல்லது.

சூடு பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் மற்ற பல பழுதுகளுக்கு வேர் அதுதான். புதிய போன் முதல் இரண்டு மூன்று நாள் சூடாவது இயல்பு. பழைய போனிலிருந்து வந்த படங்களை வகைப்படுத்துவது, செயலிகளைத் தன் வசதிக்கு மறுபடி தொகுப்பது எனப் பின்னணியில் நிறைய வேலை நடக்கும். ஒரு வாரம் கழிந்தும், எதுவும் செய்யாமல் சட்டைப்பையில் இருக்கும்போதே சூடாக இருந்தால் அது இயல்பு அல்ல. இரவில் சார்ஜைப் பார்த்து வைத்துக்கொண்டு ஏரோபிளேன் மோடில் போடுங்கள். காலையில் 2, 3 சதவீதம் குறைந்திருந்தால் கவலை வேண்டாம். 10 சதவீதத்துக்கு மேல் இறங்கியிருந்து, சேஃப் மோடிலும் அப்படியே இறங்கினால் போர்டில் எங்கோ மின்கசிவு இருக்கக்கூடும். மின்னைத் தேக்கும் கெபாசிட்டர் ஒன்று கசிந்தால் போதும், நாள் முழுக்கப் போனைச் சுட வைக்க.

லித்தியம் பேட்டரிக்கு வெப்பம் கூடக்கூட ஆயுள் குறையும். 10 டிகிரி கூடினால் உள்ளே நடக்கும் தேய்மான வினைகள் ஏறத்தாழ இரண்டு மடங்கு வேகமாகும் என்பது துறையில் புழங்கும் கணக்கு. இன்றைய உயர்விலைப் போன்களின் பேட்டரிகள் முழுச் சார்ஜில் 4.4 வோல்ட்டைத் தாண்டி நிற்கின்றன. பழைய பேட்டரிகள் 4.2 வோல்ட்டில் நின்றன. கொள்ளளவு கூடுவதற்காக எல்லையை ஒட்டி ஓட்டுகிறார்கள். முழுச் சார்ஜும் அதிகச் சூடும் ஒன்றாக நீடிப்பதுதான் இவற்றுக்கு மிகக் கெடுதல். காரில் கண்ணாடிக்குப் பக்கத்தில் வெயில் படும்படி மாட்டி, வழி காட்டும் செயலியை ஓட விட்டு, கூடவே ஒயர்லெஸ் சார்ஜும் போடுவது அந்த நிலைதான். 80 சதவீதத்தில் நிறுத்தும் அமைப்பு இப்போது பெரும்பாலான போன்களில் இருக்கிறது. தினமும் சார்ஜருக்குப் பக்கத்திலேயே இருப்பவர்கள் அதைப் போட்டுவிடலாம்.

புதிய போன் 30, 40 சதவீதச் சார்ஜ் காட்டிக்கொண்டிருக்கும்போதே கேமராவைத் திறந்ததும் அணைந்துபோனால் காத்திருக்க வேண்டாம். திடீரென்று அதிக மின்னோட்டம் கேட்கும்போது பேட்டரியின் வோல்டேஜ் சரிந்து விழுகிறது, அதாவது உள்மின்தடை கூடிய செல். பழைய பேட்டரியில் வர வேண்டியது இது; புதியதில் வந்தால் குறையுள்ள பேட்டரி. பின்பக்கக் கண்ணாடி ஒரு ஓரத்தில் நூலளவு தூக்கினாலும், திரை ஓரத்தில் வெளிச்சம் கசிந்தாலும் பேட்டரி உப்பத் தொடங்கிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். சார்ஜ் போடாமல் அணைத்து வையுங்கள், அழுத்தி ஒட்டப் பார்க்காதீர்கள். 2016-இல் சாம்சங் நோட் 7 போன்கள் தீப்பிடித்ததை வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். முதல் வகைப் பேட்டரியில் மேல் மூலையில் இடம் போதாமல் எதிர்மின் தகடு மடங்கியிருந்தது. மாற்றாகத் தந்த இரண்டாம் வகையில் பற்றவைத்த இடத்தில் நீட்டிக்கொண்டிருந்த பிசிறு உள்தடுப்பைத் துளைத்தது. சிலவற்றில் காப்பு டேப்பே இல்லை. சாம்சங் இரண்டு லட்சம் போன்களையும் 30,000 பேட்டரிகளையும் சோதித்துவிட்டு 2017 ஜனவரியில் இந்தக் காரணங்களை வெளியிட்டது. காரணத்தை இவ்வளவு வெளிப்படையாகச் சொன்ன நிகழ்ச்சி இந்தத் துறையில் அரிது. மற்ற நிறுவனங்களும் சிறிய பழுதுகளுக்குக்கூட இதைச் செய்ய வேண்டும் என்பதே எங்கள் விருப்பம்.

சார்ஜிங் போர்ட் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறோம். யுஎஸ்பி-சி பின்னை எந்தப் பக்கமும் செருகலாம் என்பதால் யாரும் புரட்டிப் பார்ப்பதில்லை. வாங்கிய அன்றே இரண்டு பக்கமும் செருகி, இரண்டிலும் ஃபாஸ்ட் சார்ஜிங் வருகிறதா என்று பாருங்கள். ஒரு பக்கம் மட்டும் வந்தால், அல்லது ஒரு பக்கம் மெதுவாக ஏறினால், போர்ட்டில் ஒரு வரிசைப் பின்னிலோ கேபிளிலோ குறை. கேபிளை மாற்றியும் அப்படியே இருந்தால் போர்ட். 3 ஆம்பியருக்கு மேல் மின்னோட்டம் தாங்க வேண்டிய சி-டு-சி கேபிளில் அதைச் சொல்லும் சிப் ஒன்று இருக்க வேண்டும். அது இல்லாத கேபிளைப் போட்டால் 100 வாட் சார்ஜரும் 60 வாட்டுக்கு மேல் தராது. சில நிறுவனங்களின் சொந்த ஃபாஸ்ட் சார்ஜிங் முறைகள் அவர்களுடைய கேபிள் இல்லாமல் வேலையே செய்யாது. இது பழுது அல்ல, ஆனால் பழுது என்று நிறையப் பேர் வருகிறார்கள்.

திரையில் பச்சைக் கோடு. ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிரும் அமோலெட் திரையுள்ள போன்களில், அப்டேட் செய்து ஆன் ஆனதும் மேலிருந்து கீழாக நூல் பிடித்ததுபோல் ஒரு பச்சைக் கோடோ இளஞ்சிவப்புக் கோடோ நிற்கும். அப்டேட் திரையைக் கெடுக்காது. வளையும் அமோலெட் திரையின் கீழ் ஓரம் உள்பக்கமாக மடிக்கப்பட்டு, திரையை இயக்கும் ஐசி அந்த மடிப்புக்கு அப்பால் ஒட்டப்பட்டிருக்கும். மயிரிழையை விட மெல்லிய தடங்கள் அந்த மடிப்பைத் தாண்டித்தான் வருகின்றன. அவற்றில் ஒன்று விட்டாலும் அந்த வரிசைப் பிக்சல்கள் கட்டுப்பாடு இழந்து கோடாக எரியும். அப்டேட்டின்போது போன் நீண்ட நேரம் சூடாகிறது, ஏற்கெனவே தளர்ந்திருந்த இணைப்பு அப்போது விட்டுப்போகிறது என்பதே எங்களுக்கு நம்பத்தகுந்த விளக்கமாகத் தெரிகிறது. பல நிறுவனங்கள் வாரண்டி முடிந்த பிறகும் சில மாடல்களுக்கு இலவசமாகத் திரை மாற்றித் தந்திருக்கின்றன. ஆனால் போனில் அடிபட்ட தடமோ நீர் புகுந்த தடமோ இருந்தால் மறுத்துவிடுவார்கள். அதனால் கோடு வந்தவுடன் போனை எல்லாப் பக்கமும் படம் எடுத்து வைத்துக்கொண்டு, உங்கள் மாடலுக்கு அப்படி ஒரு திட்டம் இருக்கிறதா என்று எழுத்தில் கேளுங்கள். தனியார் கடையில் திறந்துவிட்டால் அந்த வாய்ப்பு போய்விடும். எங்கள் தொழிலுக்கு எதிராக நாங்களே சொல்வதாகத் தோன்றினாலும் இதுதான் சரியான முறை.

திரை வாங்கியது முதலே நன்றாக இருக்கிறதா என்று அறிய எளிய சோதனை உண்டு. இருட்டறையில் வெளிச்சத்தை மிகவும் குறைத்து, முழுச் சாம்பல் நிறப் படம் ஒன்றைத் திறங்கள். ஒரு பாதி பச்சை சாய்ந்தும் மறு பாதி சிவப்பு சாய்ந்தும் தெரிந்தால் அந்தத் திரை சீராக இல்லை. பகல் வெளிச்சத்தில் இது கண்ணில் படாது. டச் சோதனைக்கு, முகப்பில் ஒரு செயலியின் ஐகானைப் பிடித்துக்கொண்டு திரையின் ஒவ்வொரு அங்குலத்திலும் மெதுவாக இழுத்துச் செல்லுங்கள். ஓர் இடத்தில் ஐகான் கையை விட்டு நழுவினால் அங்கே டச் செத்திருக்கிறது. சாம்சங் போனில் *#0*# அழுத்தினால் திரை, டச், சென்சார் சோதனைகள் ஒரே இடத்தில் கிடைக்கும். மைக் ஒன்றுதான் என்று எண்ண வேண்டாம். காதில் வைத்துப் பேசும்போது ஒன்று, ஸ்பீக்கரில் ஒன்று, வீடியோவில் ஒன்று என்று மாறும். சாதாரண அழைப்பு, ஸ்பீக்கர் அழைப்பு, முன் கேமரா வீடியோ, பின் கேமரா வீடியோ நான்கையும் செய்து கேட்டால்தான் எல்லா மைக்கும் சோதிக்கப்படும்.

கேமரா ஆடுவது, ஃபோகஸ் ஆகாமல் ரீங்காரமிடுவது ஆகியவற்றுக்கு ஒரு காரணம் பலருக்கும் தெரியாது. கை நடுக்கத்தைச் சமன் செய்ய லென்ஸையோ சென்சாரையோ நுண்ணிய காந்தங்களும் சுருள்களும் அசைத்துக்கொண்டிருக்கும். மோட்டார் சைக்கிள் ஹேண்டில்பாரில் நேரடியாக மாட்டிய போனுக்கு இன்ஜின் அதிர்வு தொடர்ந்து போய்ச் சேர்ந்தால் அந்த அமைப்பு கெட்டுப்போகலாம் என்று ஆப்பிள் 2021 செப்டம்பரில் தன் உதவிப் பக்கத்திலேயே எச்சரித்தது. இந்த அமைப்புள்ள எந்த நிறுவனப் போனுக்கும் இது பொருந்தும். பைக்கில் போனை மாட்டித்தான் ஆக வேண்டும் என்றால் அதிர்வை உறிஞ்சும் மவுன்ட் வேண்டும்.

நீரும் தூசியும் புகாது என்று குறிக்கும் ஐபி68 என்ற முத்திரையைப் பார்த்துத் தண்ணீரில் முக்குகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. அந்தச் சோதனை புதிய போனை, ஆய்வகத்தில், அசையாத நன்னீரில், நிறுவனமே குறிப்பிடும் ஆழத்திலும் நேரத்திலும் வைத்துச் செய்யப்படுவது. சோப்பு நீருக்கும் வெந்நீர் ஆவிக்கும் கடல்நீருக்கும் அது உத்தரவாதம் அல்ல. உடலைச் சுற்றியுள்ள பசை சூட்டிலும் அடியிலும் வலுவிழக்கும். ஒருமுறை திறந்து பழுது பார்த்த போனில் புதிய பசை வைத்து அழுத்தி மூடாவிட்டால் ஐபி68 அங்கே இல்லை. சிம் தட்டு இருக்கும் துளைக்குள்ளோ வேறிடத்திலோ வெள்ளை நிறத்தில் ஒரு சிறு குறி இருக்கும். நீர் பட்டால் சிவப்பாகும். சிவந்துவிட்டால் முத்திரை இருந்தும் வாரண்டி மறுக்கப்படும். நனைந்த போனை அரிசியில் புதைப்பதால் பயனில்லை. உலோகத்தை அரிப்பது நீர் மட்டும் அல்ல, நீரும் மின்னழுத்தமும் சேர்ந்த நிலை. எனவே முதல் வேலை அணைப்பது, சார்ஜ் போடாமல் இருப்பது. உப்புநீர் என்றால் அன்றே திறந்து, பேட்டரி இணைப்பைக் கழற்றி, 99 சதவீத ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் போர்டைக் கழுவ வேண்டும்.

மடிக்கும் போன்களில் இன்னும் கவனம் தேவை. சாம்சங்கின் முதல் ஃபோல்டு 2019 ஏப்ரலில் வரவிருந்தது. மதிப்புரை எழுதியவர்களில் சிலர் மேல் படலத்தைப் பாதுகாப்பு ஸ்டிக்கர் என்று நினைத்து உரித்ததில் திரை கெட்டது. கீலின் இடைவெளிகளில் துகள் புகுந்தும் சில கெட்டன. நிறுவனம் வெளியீட்டை நிறுத்தி, திருத்தி, செப்டம்பரில் கொண்டுவந்தது. மதிப்புரைக்குத் தந்த சில நாள்களிலேயே குறை வெளிப்பட்ட அரிதான மாடல் அது. இப்போதைய மடிப்புத் திரைகள் மேம்பட்டவைதான். இருந்தாலும் உள்படலத்தின் ஓரம் தூக்கினால் நீங்களே உரிக்க வேண்டாம். மூடும்முன் மணல், உணவுத் துகள் இல்லை என்று பாருங்கள். மடிப்புக்குள் சிக்கும் ஒரு மணல் துகள் போதும், திரையைக் கெடுக்க.

சர்வீஸுக்குக் கொடுக்கும்போது புகாரைப் பதிவு செய்யும் ஜாப் ஷீட்டில் என்ன எழுதப்படுகிறது என்பதில்தான் பாதி வழக்கு தீர்மானமாகிறது. ‘ஹேங் பிராப்ளம்’ என்று எழுதினால், ஆன் செய்து பார்த்துவிட்டு ‘பழுது எதுவும் இல்லை’ என்று திருப்பித் தருவார்கள். எந்தச் சூழ்நிலையில், எவ்வளவு நேரத்தில், என்ன நடக்கிறது என்று எழுதச் சொல்லுங்கள். உதாரணமாக: ‘கேமராவில் 4கே வீடியோ எடுக்கத் தொடங்கி 5 நிமிடத்துக்குள் போன் அணைகிறது, சார்ஜ் 50 சதவீதத்துக்கு மேல் இருக்கும்போதும் நடக்கிறது, ஃபேக்டரி ரீசெட் செய்து, செயலி எதுவும் ஏற்றாமல் சோதித்தபோதும் நடந்தது.’ இப்படி எழுதப்பட்ட புகாரைச் சோதிக்காமல் திருப்பி அனுப்புவது கடினம். பழுது நிகழும்போது இன்னொரு போனில் எடுத்த வீடியோவும், மென்பொருளின் பில்ட் எண்ணும் கூட இருக்கட்டும். திரும்ப வாங்கும்போது என்ன பாகம் மாற்றப்பட்டது என்று எழுத்தில் கேளுங்கள். போர்டு மாறியிருந்தால் ஐஎம்இஐ எண் மாறியிருக்கலாம். பில்லில் இருக்கும் எண்ணோடு ஒத்துப் பார்த்து, மாறியிருந்தால் அதற்கும் கடிதம் வாங்கிவிடுங்கள். கடையில் வாங்கிய பொருளை மாற்றித் தரும் காலக்கெடு எத்தனை நாள் என்று முதல் நாளே அறிந்து, மேலே சொன்ன சோதனைகளை அதற்குள் முடித்துவிட வேண்டும். அந்தக் கெடு முடிந்தால் மாற்றித் தருவது பழுது நீக்கித் தருவதாகச் சுருங்கிவிடும்.

பேக்கப் விஷயத்தில் நாங்கள் கெஞ்சியே கேட்டுக்கொள்கிறோம். இன்றைய போன்களில் தகவல்கள் குறியாக்கம் செய்யப்பட்டே சேமிக்கப்படுகின்றன. அதன் சாவி பிராசசரோடு பிணைந்தது. மெமரி சிப்பைக் கழற்றி வேறு போர்டில் போட்டால் படங்கள் வராது. செத்த போனிலிருந்து தகவல் எடுக்க ஒரே வழி அதே போர்டை, அதே பிராசசரோடும் மெமரியோடும் மறுபடி உயிர்ப்பித்து, திரைப் பூட்டு எண்ணைப் போட்டுத் திறப்பதுதான். பிராசசரே போய்விட்டால் யாராலும் முடியாது. முடியும் என்று சொல்லிப் பணம் கேட்பவர்களை நம்ப வேண்டாம். அடிக்கடி ரீஸ்டார்ட் ஆகும் புதிய போன் எந்த நேரமும் ஒரேயடியாக நின்றுபோகலாம் என்பதால், முதல் அறிகுறியிலேயே பேக்கப் எடுத்துவிட வேண்டும். சர்வீஸுக்குக் கொடுக்கும் முன் மெயின்டெனன்ஸ் மோட் அல்லது ரிப்பேர் மோட் இருந்தால் போட்டுக் கொடுங்கள். பழுது பார்ப்பவர் போனைச் சோதிக்கலாம், உங்கள் படங்களையும் செய்திகளையும் பார்க்க முடியாது.

ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025 ஜூன் 20 முதல் விற்கப்படும் போன்களுக்குப் புதிய விதிகள் வந்திருக்கின்றன. பேட்டரி 800 முறை சார்ஜ் ஏறி இறங்கிய பிறகும் 80 சதவீதக் கொள்ளளவு தர வேண்டும். விற்பனை நின்ற பிறகும் 7 ஆண்டுகளுக்கு முக்கிய உதிரிபாகங்கள் கிடைக்க வேண்டும். விழுந்தால் எவ்வளவு தாங்கும், பழுது பார்ப்பது எவ்வளவு எளிது என்பதெல்லாம் பெட்டியோடு வரும் லேபிளில் தரவரிசையாக அச்சிடப்பட வேண்டும். உழைப்பை அளக்க முடியும், அளந்ததை வாங்குகிறவருக்குச் சொல்லவும் முடியும் என்பதற்கு அந்த லேபிளே சான்று. அங்கே சொல்கிற நிறுவனங்கள் மற்ற நாடுகளிலும் தாமாக முன்வந்து சொல்லலாமே? இன்னொரு பக்கம், கூகுள் 2025 ஜூலையில் பிக்சல் 6ஏ போனுக்கு ஒரு கட்டாய அப்டேட் தந்தது. 400 சார்ஜ் சுற்றுகளைத் தாண்டிய பேட்டரியின் கொள்ளளவையும் சார்ஜ் ஏறும் வேகத்தையும் அது குறைத்தது. சூடேறும் அபாயத்துக்காகச் செய்ததுதான். ஆனாலும் வாங்கியபோது சொன்ன பேட்டரி அளவு மூன்றாம் வருடத்தில் மென்பொருளால் குறைக்கப்படும் என்று எந்த மதிப்புரையிலும் வாசகர் படித்திருக்க மாட்டார்.

இனி எங்கள் வேண்டுகோள். தாங்கள் மதிப்புரை வெளியிட்ட போன்களைக் குறித்து வைத்து, ஆறாம் மாதத்திலும் பன்னிரண்டாம் மாதத்திலும் மறுபடி எழுதுங்கள். அதற்கு நிறுவனம் மதிப்புரைக்கென்று தந்த போன் வேண்டாம். கடையில் வாங்கி, ஒருவர் அன்றாடம் பயன்படுத்திய போன் வேண்டும். பேட்டரி ஹெல்த் எத்தனை சதவீதம், எத்தனை சார்ஜ் சுற்று, திரையில் கோடோ கறையோ உண்டா, சார்ஜிங் போர்ட் தளர்ந்ததா, எந்த அப்டேட்டுக்குப் பிறகு என்ன மாறியது, சர்வீஸுக்குப் போயிருந்தால் எத்தனை நாளில் திரும்பியது, உதிரிபாகம் கிடைத்ததா என்று அரைப்பக்கம் எழுதினால் போதும். வாசகர்களின் புகார்களையும் வெளியிடுங்கள். மாடல் எண், பில்ட் எண், வாங்கிய மாதம், ஜாப் ஷீட்டின் நகல் ஆகியவை இணைந்த புகார்களுக்கு முன்னுரிமை கொடுங்கள். ஒரே மாடலில் ஒரே பழுது பல இடங்களிலிருந்து வந்தால் நிறுவனத்திடம் காரணம் கேட்டு, வந்த பதிலையும் அதே பக்கத்தில் அச்சிடுங்கள். பழுதின் தொழில்நுட்ப விவரங்களைச் சரிபார்க்க உதவி தேவைப்பட்டால் நாங்கள் ஊதியம் எதுவும் இல்லாமல் செய்து தரத் தயார்.

இப்படிக்கு,
கைபேசி பழுதுநீக்கும் தொழிலில் உள்ள தங்கள் வாசகர்கள் சிலர்